ஐப்பசி மழையும் அடுக்குத் தேனீயும்: குளிர்காலப் பராமரிப்பு முறை குறித்த ஒரு திறனாய்வு

தேன்பெட்டிகளைக் குளிர்காலத்தில் பேணும் முறை உறைபனி நாடுகளில் உருவானது. அங்கிருந்து கையேடுகள் வழியாகவும் பயிற்சி வகுப்புகள் வழியாகவும் வெப்ப நாடுகளுக்கு வந்து சேர்ந்தது. குளிர் தொடங்குமுன் பெட்டியில் போதிய தேனை விட்டுவைப்பது, போதாவிட்டால் சர்க்கரைப் பாகு கொடுத்து ஈடுசெய்வது, வாயிலைச் சுருக்குவது, பெட்டியைச் சுற்றிக் காப்புப் போர்வை இடுவது, வலுக்குன்றிய குடும்பத்தை வலுவான குடும்பத்தோடு இணைப்பது, குளிர் விலகும்வரை பெட்டியைத் திறக்காதிருப்பது ஆகியவை அம்முறையின் கூறுகள். மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் போன்ற சென்னைப் பகுதிகளில் மாடியிலோ தோட்டத்திலோ ஓரிரு பெட்டிகள் வைத்து அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீயை வளர்ப்போரும், கையேடுகளைப் படித்தோ பிறர் சொல்லக் கேட்டோ, இவற்றில் சிலவற்றைக் கடைப்பிடிக்கின்றனர். உறைபனி ஒருநாளும் இறங்காத கடற்கரை நகரில் இந்த முறையின் எந்தப் பகுதி உதவுகிறது, எது வீண், எது கேடு என்று பிரித்தறிய வேண்டுமானால், அது எந்தத் துன்பத்துக்கு மருந்தாக உருவாயிற்று என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தனித் தேனீ குளிரைத் தாங்காத உயிர். உடல் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது அசைவற்றுப் போகும். ஆனால் குடும்பம் குளிரைத் தாங்கும். வெளி வெப்பநிலை 14 டிகிரியை ஒட்டி இறங்கும்போது தேனீக்கள் அடைகளுக்கிடையே நெருங்கி ஒரு திரளாகக் கூடுகின்றன. திரளின் உள்ளே இருப்பவை சிறகை அசைக்காமலே பறப்புத் தசைகளை நடுங்கச் செய்து வெப்பம் உண்டாக்க, வெளி அடுக்கில் இருப்பவை தலையை உள்நோக்கி வைத்து நெருக்கமாக அமர்ந்து அந்த வெப்பம் வெளியேறாமல் காக்கின்றன. புழு வளர்ப்பு நடக்கும் காலத்தில் திரளின் நடுப்பகுதி 34, 35 டிகிரியில் நிற்க வேண்டும். வளர்ப்பு நின்றுவிட்டால் அதைவிடக் குறைந்த வெப்பமே போதும் என்பதால், நெடிய குளிருள்ள நாடுகளில் ராணி முட்டையிடுவதைக் குறைத்தோ நிறுத்தியோ குடும்பத்தின் செலவைச் சுருக்குகிறது. இந்த ஏற்பாட்டுக்குத் துணையாக இயற்கை இன்னொன்றையும் செய்துள்ளது. கோடையில் ஆறு வாரமே வாழும் பணித் தேனீ, குளிருக்குமுன் பிறந்தால் உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்துக்கொண்டு ஐந்தாறு மாதங்கள் வாழ்கிறது. குளிர்நாட்டுக் குடும்பம் புதுப் பிள்ளைகளைப் பெறாமலேயே, இருக்கும் தேனீக்களைக் கொண்டு, சேர்த்துவைத்த 20 முதல் 40 கிலோ தேனை மெல்ல எரித்துக் குளிர்காலத்தைக் கடக்கிறது. சர்க்கரைப் பாகு என்ற மாற்று அங்கே பெருமளவு செல்லுபடியாவதற்குக் காரணமும் இதுதான்: புழு இல்லாத வீட்டுக்குத் தேவை எரிபொருள் மட்டுமே, எரிபொருளாகச் சர்க்கரை தேனுக்கு ஈடாக நிற்கும்.

அந்நாடுகளின் வளர்ப்போர் நெடுங்காலப் பட்டறிவால் கண்ட மற்றோர் உண்மை, உலர்ந்த குளிரைவிட ஈரமே குடும்பத்தை அதிகம் கொல்கிறது என்பதாகும். ஒரு கிலோ தேனைத் தேனீக்கள் உண்டு எரிக்கும்போது, தேனில் ஏற்கெனவே உள்ள நீரும் சர்க்கரை எரிவதால் பிறக்கும் நீரும் சேர்ந்து 600 முதல் 700 மில்லிலிட்டர் வரை ஆவியாக வெளிப்படுகிறது. அந்த ஆவி மேலெழுந்து குளிர்ந்த மூடியில் பட்டுத் துளித்துளியாகத் திரள்மீது சொட்டினால், உறைபனியைத் தாங்கும் திரளும் நனைந்து மடியும். ஆகையால்தான் தேர்ந்த வளர்ப்போர் போர்வையை மட்டும் நம்பாமல், மூடியின் அடிப்புறம் குளிராமல் காப்பதற்கும், மேற்புறத்தில் ஈரக்காற்று வெளியேறச் சிறு வழி விடுவதற்கும், பெட்டியை முன்பக்கம் சற்றுச் சாய்த்து வைப்பதற்கும் அத்தனை கவனம் செலுத்துகின்றனர். போர்வை கண்ணுக்குத் தெரிவதால் படங்களிலும் கையேடுகளிலும் முன்னிற்கிறது. காற்றுவழி கண்ணில் படாமல் பின்தள்ளப்படுகிறது. முறை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போகும்போது இவ்விரண்டில் எது உடன்செல்கிறது, எது விடுபடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

இந்தியாவிலேயே உண்மையான உறைபனியை எதிர்கொள்ளும் இடங்கள் உண்டு. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் நீடிக்கும் ‘சில்லை கலான்’ என்னும் கடுங்குளிரில், வீட்டுச் சுவருக்குள்ளேயே மண்ணாலோ மரத்தாலோ கூடு அமைத்து இந்தியத் தேனீயை வளர்த்துவந்த பழைய மரபு, தனியாக ஒரு பராமரிப்பு முறையை வேண்டவில்லை. தடித்த சுவரும் வீட்டின் கதகதப்பும் அந்த வேலையைச் செய்தன. 1962-இல் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியிலுள்ள நக்ரோட்டாவில் இத்தாலியத் தேனீ வெற்றிகரமாக நிலைபெற்று வடமாநிலங்களில் பரவிய பின்னர், பெட்டியை இருந்த இடத்தில் காப்பதற்குப் பதிலாக இடத்தையே மாற்றும் வழக்கம் வலுத்தது: காஷ்மீர் வளர்ப்போர் குளிருக்கு முன் பெட்டிகளை லாரியில் ஏற்றி, கடுகு பூக்கும் ராஜஸ்தான் சமவெளிக்குக் கொண்டுபோகின்றனர். தமிழ்நாட்டில் உறைபனி காணும் நீலகிரியின் நிலை வேறு. உதகையைச் சுற்றியுள்ள தாழ்ந்த புல்வெளிகளில் இரவில் பனி உறைந்தாலும் பகலில் வெயில் ஏறித் தேனீ பறக்கக்கூடிய வெப்பம் வந்துவிடுவதால், மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும் நிலை அங்கில்லை. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்கும் என்பதை அறிந்து பெட்டியைச் சரிவின் நடுவில், காலை வெயில் படும்படி கிழக்கு நோக்கி வைத்தாலே பாதிக் காப்பு கிடைத்துவிடும். இம்மூன்றும் காட்டுவது, குளிர்காலப் பராமரிப்பு என்பது ஒரே முறையன்று, அந்தந்த நிலத்தின் குளிர் எத்தகையது என்பதற்குக் கொடுக்கப்பட்ட விடை என்பதே.

தமிழ்நாட்டில் பெட்டித் தேனீ வளர்ப்பு வேரூன்றிய கதையிலேயே இந்தப் பாடம் பொதிந்துள்ளது. அடைகளுக்கிடையே தேனீ நடமாட விடும் குறிப்பிட்ட இடைவெளியை 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கண்டறிந்து, எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கக்கூடிய சட்டங்களைக் கொண்ட பெட்டியை உருவாக்கினார். அது பெரிய உடலும் பெரிய குடும்பமும் கொண்ட மேலைத் தேனீக்கான அளவு. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் அடிகளார் அந்த அளவை அப்படியே இறக்குமதி செய்யாமல், இந்தியத் தேனீயின் சிறிய உருவத்துக்கும் சிறிய குடும்பத்துக்கும் ஏற்பச் சுருக்கித் தம் பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை ஊர்ப்புறத்தாருக்குப் பயிற்சியும் அளித்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் தலைமையில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மறுமலர்ச்சி மையம் அந்தப் பணியைக் குமரி மாவட்டத்தின் குடிசைத் தொழிலாக வளர்த்தது. பெட்டியின் அளவை மாற்றியமைத்த அந்தத் தெளிவு, பெட்டியோடு வந்த பருவ நாட்காட்டியை மாற்றுவதில் அதே அளவுக்குச் செயல்படவில்லை. குமரியில் ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விடும் தை, மாசி, பங்குனி மாதங்களில் தளிர்க்காம்புகளில் ஊறும் இனிப்பு நீரே பெருந்தேனாகிறது. ஜூன், ஜூலை மழை அங்கே பஞ்ச காலம். சென்னையின் பஞ்ச காலமோ அக்டோபரில் தொடங்குகிறது. ஒரே மாநிலத்துக்குள்ளேயே பட்டினி மாதங்கள் இப்படி இடம் மாறும்போது, அயல்நாட்டு நாட்காட்டி பொருந்தாது என்பதைத் தனியே நிறுவ வேண்டியதில்லை.

சென்னையின் குளிர் பற்றிய பதிவுகள் இவ்விடத்தில் தெளிவான சான்றாகின்றன. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் பதிவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அது 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் பதிவானது. குளிர்நாட்டுத் தேனீக்கள் திரளாகக் கூடத் தொடங்கும் வெப்பநிலையும் ஏறக்குறைய அதுவே. அதாவது, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பதிவில் மிகக் குளிர்ந்த இரவுகளில் மட்டுமே இந்நகரம் குளிர்காலப் பராமரிப்பின் தொடக்கக் கோட்டைத் தொட்டிருக்கிறது. வழக்கமான மார்கழி இரவில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். மறுபுறம், ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. அதுவும் சீராகப் பரவாமல், 2015 டிசம்பர் 1-ஆம் நாள் போல, ஒரே நாளில் 29 சென்டிமீட்டர் என்று இறங்குகிறது. தமிழர் ஆறு பருவங்களாக ஆண்டைப் பிரித்தபோது ஐப்பசி, கார்த்திகைக்குரிய கூதிரை மார்கழி, தைக்குரிய முன்பனியிலிருந்து வேறாக வைத்தனர். தேனீ வளர்ப்புக்கும் அந்தப் பிரிவு மிகவும் பொருந்துகிறது: சென்னையில் தேனீயை வாட்டுவது கூதிரே, முன்பனியன்று.

தொடர் மழையில் ஒரு குடும்பத்துக்கு நேர்வது பல முனைகளில் வரும் இழப்பு. பூவில் ஊறிய தேன் மழைநீரில் கரைந்து வெளியேறுகிறது. மகரந்தம் நனைந்து கட்டியாகி எடுக்க முடியாததாகிறது. பறக்கக் கிடைக்கும் நேரம் நாளுக்குச் சில மணி என்று சுருங்கி, புயல் நாட்களில் முற்றிலும் இல்லாமல் போகிறது. சேமித்த தேன் நாலைந்து நாட்களில் வற்றத் தொடங்கினால் பணித் தேனீக்கள் முதலில் ஆண் தேனீக்களை விரட்டுகின்றன, பின்னர் புழுக்களுக்கு உணவைக் குறைக்கின்றன, ராணி முட்டையிடுவதும் சரிகிறது. இந்த நிலையில் இந்தியத் தேனீ செய்யும் செயல் மேலைத் தேனீயிடம் அரிது: குடும்பம் முழுவதும் அடையை விட்டுவிட்டுப் பறந்து போய்விடுகிறது. இதைக் கூடு துறத்தல் என்பர். குடும்பம் பெருகும்போது பழைய ராணியோடு ஒரு பகுதி மட்டும் பிரிந்து போவதிலிருந்து இது வேறானது. மலைக்காட்டில் ஒரு பள்ளத்தாக்கு வறண்டால் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்ப் பிழைப்பதற்கு உதவிய இந்தப் பண்பு, நகரத்தில் கேடாக முடிகிறது. தியாகராய நகரின் ஒரு மாடியிலிருந்து கிளம்பிய குடும்பம் பூ நிறைந்த காட்டைப் போய்ச் சேர்வதில்லை. இன்னொரு அடுக்ககத்தின் மின்பெட்டியிலோ கழிவுநீர்க் குழாய்ச் சந்திலோ குடியேறி, சில நாட்களில் பூச்சிக்கொல்லி தெளிப்போர் கையில் மடிகிறது. ஆகவே குடும்பத்தைப் பெட்டியிலேயே தங்கவைக்கும் எந்தப் பராமரிப்புக்கும் நகரத்தில் கூடுதல் நியாயம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பின்னணியில் முறையின் கூறுகளை எடைபோடும்போது, போர்வை உடனே கழிந்துவிடுகிறது. வெளி வெப்பநிலை 20-க்கும் 30-க்கும் இடையே இருக்கையில், 35 டிகிரி வேண்டும் புழு அறைக்கு உடல் வெப்பமே போதுமானது. சாக்கு, தெர்மகோல், தார்ப்பாய் எதைச் சுற்றினாலும், மழை விட்ட நாளின் வெயிலில் உள்ளே புழுக்கம் மிகுந்து, சுற்றிய பொருளே ஈரத்தைப் பிடித்துவைத்து, பலகையை ஊறச் செய்யும். மெழுகு அந்துப்பூச்சியும் கரப்பானும் ஒளிந்து வாழ அது இடமாகும். இங்கே போர்வை தரும் நன்மை என்று சொல்ல ஏதுமில்லை.

ஈரத்தை விலக்கும் பகுதியோ, குளிர்நாட்டைவிடச் சென்னைக்கு இன்னும் இன்றியமையாதது. மேலைத் தேனீ மரப்பிசினைச் சேகரித்துப் பெட்டியின் விரிசல்களைத் தானே அடைத்துக்கொள்ளும். இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. ஆகவே மூடிக்கும் சுவருக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் சாரல் உள்ளே வரும், அதைத் தேனீ சரிசெய்யாது. வளர்ப்பவர்தான் சரிசெய்ய வேண்டும். காற்றோட்ட முறையிலும் வேறுபாடுண்டு. மேலைத் தேனீ வாயிலில் தலையை உள்நோக்கி வைத்துச் சிறகடித்து உட்காற்றை வெளியே இழுக்கிறது. இந்தியத் தேனீ தலையை வெளிநோக்கி வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. ஐப்பசியின் ஈரக்காற்று உள்ளே தள்ளப்படும்போது அது வெளியேற மேலே ஒரு வழி இல்லாவிட்டால், அடையில் பூசணம் படர்வதும், மூடாத அறைகளில் உள்ள தேன் நீர் ஏறிப் புளிப்பதும் எளிது. மேல்மூடியின் கீழே வலையடித்த காற்றுத்துளை, நான்கு பக்கமும் நீட்டிய தகர மூடி, முன்பக்கச் சாய்வு, தரையிலிருந்து முழங்கால் உயர நிறுத்தம் ஆகியவை விலை குறைந்தவை, மிகப் பெரிய பலன் தருபவை. வாயிலைச் சுருக்குவதும் பயன்தருவதே. ஆனால் காரணம் குளிரன்று. பஞ்ச காலத்தில் பக்கத்துக் குடும்பத்தின் தேனீக்களும் குளவிகளும் திருட வருவதால், சிறு வாயிலைக் காக்கச் சில காவல் தேனீக்களே போதுமானவை. காரணம் தெரியாமல் செய்பவர் சுருக்கிய வாயிலோடு மேல்துளையையும் அடைத்துவிடுகிறார். அங்கே நல்ல செயல் கெட்ட விளைவைத் தருகிறது.

பெட்டி நிறுத்தத்தின் கால்களை எறும்பு ஏறாதிருக்க நீர்க் கிண்ணங்களில் வைக்கும் வழக்கம் சென்னை மழைக்காலத்தில் தனிச் சிக்கலைத் தருகிறது. டெங்கு பரவும் மாதங்களில் தேங்கிய நீர் கொசு வளர்க்கும் இடமாகிவிடும். வீடு வீடாக நீர்த்தேக்கம் தேடி வரும் மாநகராட்சிப் பணியாளர் அதைக் கொட்டச் சொல்வது நியாயமே. நீரில் சில துளி எண்ணெய் விடுவதோ, கால்களில் கிரீஸ் தடவுவதோ இரண்டு நோக்கத்தையும் நிறைவேற்றும். உறைபனி நாட்டுக் கையேட்டில் இதற்கு இடமிருக்க வாய்ப்பில்லை.

இனி, முறையின் நடுநாயகமான சர்க்கரைப் பாகுக்கு வரலாம். சர்க்கரையும் நீரும் சம எடையில் கலந்து காய்ச்சி ஆறிய பாகை, மாலையில் பெட்டிக்குள்ளே ஒரு தட்டில் ஊற்றி, தேனீ மூழ்காமலிருக்கக் குச்சியோ வைக்கோலோ போட்டு வைப்பது இங்குள்ள பொது வழக்கம். இதன் வலிமை ஐயத்துக்கு இடமற்றது. மூன்று நாள் விடாத மழையில் தேன் முற்றும் வற்றிய குடும்பத்துக்கு அந்தப் பாகு உயிர் தருகிறது. கூடு துறக்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுகிறது. வெள்ளைச் சர்க்கரை தீயது, வெல்லமும் பனங்கற்கண்டும் சத்துள்ளவை என்ற மனித உணவின் கணக்கைத் தேனீக்குப் பொருத்துவோர் உளர்; அது தவறு. வெல்லத்திலுள்ள தாதுப்பொருள் தேனீயின் குடலில் செரியாமல் தங்கும். வெளியே பறந்துதான் கழிக்க வேண்டிய தேனீ மழையால் அடைபட்டிருக்கும்போது, அது வயிற்றுப்போக்காகி அடையை மாசுபடுத்தும். வெள்ளைச் சர்க்கரையையே கொடுக்க வேண்டும் என்னும் குளிர்நாட்டு அறிவுரை இவ்வகையில் இங்கும் அப்படியே செல்லும்.

ஆனால் பாகின் குறை, அதைக் கொடுக்கும் விதத்தில் மட்டுமல்லாமல், அது எதற்காக உருவாயிற்று என்பதிலேயே உள்ளது. முன்னரே சொன்னபடி குளிர்நாட்டுக் குடும்பம் பிள்ளை வளர்ப்பை நிறுத்தி, நீண்ட ஆயுளுள்ள தேனீக்களைக் கொண்டு காலத்தைக் கடக்கிறது. சென்னைக் குடும்பத்தில் அத்தகைய நீண்ட ஆயுள் தேனீ கிடையாது. இங்கு ராணி ஏறக்குறைய ஆண்டு முழுவதும் முட்டையிடுகிறது. பணித் தேனீ சில வாரங்களே வாழ்கிறது. ஆகவே குடும்பம் நிலைக்க வேண்டுமானால் மழைக்காலத்திலும் புழு வளர்ந்தாக வேண்டும். புழுவை வளர்ப்பது சர்க்கரையன்று, மகரந்தம். இளம் தேனீக்கள் மகரந்தத்தை உண்டு தலையிலுள்ள சுரப்பிகளில் பால் போன்ற உணவைச் சுரந்து புழுவுக்கு ஊட்டுகின்றன. மகரந்தம் இல்லையேல் தம் உடற்புரதத்தைக் கரைத்து ஊட்டி, தாமும் விரைவில் மடிகின்றன. பாகு மட்டும் தொடர்ந்து கிடைக்கும் குடும்பம் உயிரோடு இருக்கிறது, ஆனால் வாரந்தோறும் முதியோர் மிகுந்து இளையோர் குறைந்துவருகிறது. வளர்ப்பவர் வாயிலில் போக்குவரத்தைப் பார்த்து நலமென்று எண்ணுகிறார். தை பிறந்ததும் குடும்பம் திடீரெனச் சுருங்கியதாகத் தோன்றுகிறது. கொழுப்பு நீக்கிய சோயா மாவும் ஈஸ்ட்டும் பிசைந்து தரும் மாற்றுணவு இருக்கிறது. ஆனால் அது மகரந்தத்துக்கு ஈடாவதில்லை, நகரத்தின் மழைக்கால ஈரத்தில் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கவும் செய்கிறது.

பாகின் இரண்டாவது குறை தேனைப் பற்றியது. தேனீ தான் உண்டது போக மிஞ்சிய பாகை அடையில் சேமிக்கிறது. தேன் அறை என்னும் மேற்பெட்டியை மாட்டிவைத்துக்கொண்டே பாகு கொடுத்தால், பின்னர் பிழியப்படுவதில் ஒரு பகுதி சர்க்கரையே. சர்க்கரை கரும்பிலிருந்து வருவது. கரும்பு கரிமத்தை உள்வாங்கும் வழி, தேன் தரும் பெரும்பாலான மரஞ்செடிகளின் வழியிலிருந்து வேறானதால், கரிம அணுக்களின் விகிதத்தைக் கொண்டு ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியும். 2020 டிசம்பரில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களின் தேனைச் சோதித்து, மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின என்று வெளியிட்டபோது, நாடெங்கும் தேன் வாங்குவோரிடம் ஐயம் பரவியது. அந்த ஆய்வு சுட்டியது ஆலைகளில் தயாராகும் பாகைக் கலப்பதை. பட்டினியில் குடும்பத்தைக் காக்க ஊட்டும் பாகு அறத்திலும் அளவிலும் அதற்கு ஒப்பாகாது. எனினும் வாங்குபவர் கையில் வரும் குப்பிக்குள் இரண்டும் சர்க்கரையே. இருமலுக்கும் சளிக்கும் தேன் மிகவும் தேடப்படுவது மழை, பனி மாதங்களில்தான். மயிலாப்பூரின் நாட்டு மருந்துக் கடைக்கு வருபவர் மருந்தென்று நம்பியே வாங்குகிறார். பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாத மாதங்களில் தேவை உச்சமடைவது இத்தொழிலின் இயல்பான முரண். பாகு ஊட்டும் நாட்களிலும், அதன் பின் புதிய பூக்காலம் வந்து சேமிப்பு மாறும் வரையிலும் தேன் எடுப்பதில்லை என்ற கட்டுப்பாடு இல்லாத இடத்தில், உணவூட்டலை நல்ல பழக்கமென்று பரிந்துரைப்பது முறையாகாது.

மூன்றாவது குறை அதிகம் பேசப்படுவதில்லை. பாகு உண்டு என்ற நம்பிக்கை, ஆவணி, புரட்டாசியில் கடைசிச் சட்டம் வரை தேன் எடுக்கும் துணிவைத் தருகிறது. ஆண்டுக்குச் சில கிலோவே தரும் இந்தியத் தேனீக் குடும்பத்திடம் அந்தக் கடைசிச் சட்டங்களை விட்டுவைப்பதால் வளர்ப்பவருக்கு இழப்பு சொற்பம். குடும்பத்துக்கோ மழைக்காலம் முழுவதற்குமான வித்து. தேனில் சர்க்கரையோடு சிறிதளவு மகரந்தமும் நொதிகளும் உள்ளன என்பதும், மூடிய தேன் ஈரத்தில் கெடாது, தட்டில் வைத்த பாகு கெடும் என்பதும் தனித்தனி நன்மைகள். அறுவடை முடிந்ததும் விதைநெல்லையும் விற்றுவிட்டுக் கடன் வாங்கி விதைக்கும் வீட்டின் நிலைக்கும், தேனை எடுத்துவிட்டுப் பாகு ஊட்டும் பெட்டியின் நிலைக்கும் வேறுபாடு சிறிது.

குளிர் விலகும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்னும் விதியைச் சென்னையில் அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது. உறைபனியில் திறந்தால் வெப்பம் போகும் என்பதால் வந்த விதி அது. இங்கே, தேனீ எண்ணிக்கை குறைந்து காவலற்றுப் போன பழைய அடைகளில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு, புழுக்கள் சுரங்கம் தோண்டிப் பட்டுநூலால் அடையைப் பின்னிவிடும். மழை விட்டு வெயில் காயும் முன்பகலில், புகை மிகக் குறைவாகக் காட்டி, விரைவாகத் திறந்து, தேனீ மொய்க்காத அடைகளை எடுத்து, குடும்பத்தை அது நிரப்பக்கூடிய இடத்துக்குள் சுருக்கி மூடுவதே உகந்தது. வலுக்குன்றிய குடும்பத்தை இணைக்கும் கூறும் நல்லதே. ஆனால் நோய் காரணமாகக் குன்றிய குடும்பத்தை இணைத்தால் நோயும் இணையும். 1991, 1992 ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நச்சுயிரி கேரளத்திலும் குமரியிலும் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்ததை நினைவில் வைத்து, மூடாத அறைகளில் நீர் நிறைந்த பைபோல் உப்பிய புழுக்கள் காணப்பட்டால் அந்தக் குடும்பத்தை விலக்கிவைக்க வேண்டும். அதன் அடையோ மீந்த பாகோ மற்ற பெட்டிக்குப் போகக் கூடாது.

பெட்டிக்குள் செய்யும் எதுவும் பெட்டிக்கு வெளியே உள்ள மரங்களின் இடத்தை நிரப்பாது. இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள்ளேயே மேய்கிறது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோப்புக்கு அருகே வைத்த பெட்டிக்கும், கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய பெட்டிக்கும் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ஏதேனும் ஒரு பூ கிடைக்கும். தியாகராய நகரின் வணிகத் தெருக்களை ஒட்டிய மாடியில் வைத்த பெட்டிக்குப் பனகல் பூங்காவே எல்லை. வேம்பு, புங்கை, நாவல், புளி என்று சென்னையின் பெருந்தேன் மரங்கள் எல்லாம் பங்குனிக்கும் ஆனிக்கும் இடையே பூத்து ஓய்கின்றன. மழை மாதங்களில் கைகொடுப்பவை ஆண்டு முழுவதும் பாளை விடும் தென்னை, முருங்கை, வேலிகளில் படரும் கொடிரோஸ், காலியிடத்துக் களைப்பூக்கள். மயிலாப்பூரின் தனி வீடுகள் அடுக்ககங்களானபோது கொல்லைத் தென்னைகள் போயின. அவற்றோடு கார்த்திகை மாத மகரந்தமும் போயிற்று. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, காட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த பொந்துகளும் பெட்டிக் குடும்பங்கள் மேய்ந்த பூக்களும் சேர்ந்தே அழிந்தன. பருவமழைக்கு முன் கிளைகளை வெட்டும் மாநகராட்சிப் பணி உயிர்ச்சேதம் தவிர்க்கத் தேவையானது. ஆனால் களைப்பூ நிறைந்த காலி மனைகளையும் அதே வேகத்தில் சுத்தமாகச் செதுக்குவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. கொசு ஒழிப்புப் புகையைப் பொறுத்தவரை, அது அடிக்கப்படும் நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாயிலைச் சற்று நேரம் வலையால் மூடிவைப்பது வளர்ப்பவர் கையிலுள்ள வழி. மக்கள் நலத்தோடு தேனீ நலத்தை மோதவிட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் கருதும்போது, பயிற்சி தருவோர் மாற்ற வேண்டியது முறையின் அளவுகோல். மழை முடியும்வரை குடும்பம் உயிரோடு இருந்ததா என்பதே இப்போது வெற்றிக்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. அது குளிர்நாட்டு அளவுகோல். சென்னையில் கேட்க வேண்டியது, பங்குனி நடுவில் வேம்பும் புங்கையும் பூக்கும் நாளில் பறந்து மேயத்தக்க தேனீக்கள் குடும்பத்தில் எத்தனை இருந்தன என்பது. முட்டையிலிருந்து தேனீ வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம், வெளிவந்த தேனீ கூட்டுக்குள் வேலை முடித்து மேயப் போக மேலும் இரண்டு மூன்று வாரம் என்று கணக்கிட்டால், அந்த மேய்ச்சல் தேனீக்கள் தை மாதத்திலிருந்து மாசித் தொடக்கம் வரை இட்ட முட்டைகள். அவற்றுக்கு ஊட்டும் இளம் தேனீக்கள் மார்கழியில் இட்ட முட்டைகள். மார்கழிப் புழுக்களுக்கு ஊட்டியவை கார்த்திகையில், மழையின் நடுவில், இட்ட முட்டைகள். கார்த்திகையில் பெட்டிக்குள் வந்த மகரந்தத்தின் அளவு, இரு தலைமுறை கடந்து, பங்குனித் தேனின் அளவைத் தீர்மானிக்கிறது. எனவே ஆவணிக்குப் பின் தேன் எடுக்காமை, புரட்டாசி முடிவில் மூடிய தேனும் மகரந்தமும் உள்ள சட்டங்கள் குறைந்தது இரண்டேனும் புழு அறையில் இருப்பதை உறுதிசெய்தல், ஒழுகாத மூடியும் மேற்காற்றுத் துளையும் ஐப்பசி பிறக்குமுன் அமைத்தல் ஆகியவை முறையின் உடலாக வேண்டும். சர்க்கரைப் பாகு, தேன் முற்றும் வற்றி வானமும் வெளுக்காத நாட்களுக்கென்று, கொடுத்த தேதியும் அளவும் குறித்துவைத்துச் செய்யும் அவசர உதவியாக மட்டும் அதில் இடம்பெறலாம்.